எடைக்குப் போட்ட கடிதங்கள்

அப்பாவின் லாரி புக்கிங் ஆபீஸ் மேசைமேல் ஒரு குத்துக்கம்பி இருந்தது. மரக்கட்டையில் செங்குத்தாக அடித்த, ஒரு சாண் உயரக் கம்பி. நாமக்கல்லிலிருந்து லோடு கிளம்பும்போது எல்.ஆர்., அதாவது லாரி ரசீது, போடுவார்கள். கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதினால் நான்கு நகல் விழும். சரக்கை அனுப்புகிறவருக்கு ஒன்று, எடுக்கிறவருக்கு ஒன்று, டிரைவர் கையில் ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று. ஆபீஸ் நகல் கம்பியில் ஏறும். கடைசி நகல் என்பதால் எழுத்து நிழல் மாதிரித்தான் தெரியும். கம்பி நிறைந்ததும் கத்தையை உருவி, சணல் கயிற்றில் கட்டி, மேலே மாதத்தை எழுதிப் பரணில் ஏற்றுவது பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு என் வேலை.

பரண் ஒரு வருடம் தாங்கும். ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது எல்லாவற்றையும் இறக்குவோம். வெளியே லாரிகளைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். உள்ளே தூசிக்கு நடுவில் அப்பா சம்மணமிட்டு உட்கார்ந்து மூன்று வகையைத் தனியே எடுத்து வைப்பார்: கோர்ட்டில் கேஸ் இருப்பது, இன்சூரன்ஸ் கிளைம் நடப்பது, வாடகை பாக்கி நிற்பது. மீதியெல்லாம் பழைய பேப்பர்க்காரருக்கு. அதைத் தூக்கிப்போடுவது என்று யாரும் சொல்ல மாட்டோம். எடைக்குப் போடுவது என்போம். தராசில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கத்தையையும் அப்பா விசிறி மாதிரி ஒரு முறை புரட்டுவார். பேப்பர்க்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு வருடம் அப்படிப் புரட்டும்போது, எல்.ஆர். தாள்களுக்கு நடுவே தவறிக் குத்தியிருந்த எங்கள் காட்டின் நிலவரி ரசீது கிடைத்தது. அதற்குப் பிறகு அவர் புரட்டுவதை யாரும் கேலி செய்ததில்லை.

இந்தப் பரணும் தராசும் பிற்பாடு எனக்கே தொழிலாகும் என்று அப்போது தெரியாது. 2000-இல் நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தேன். 2013 வரை நடத்தினேன். ஊரில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது இன்டர்நெட் அல்ல. நிறைந்துபோன மெயில் பெட்டியைக் கூட்டித் தருகிறவன் என்கிற பெயர்தான் நிலைத்தது.

வெளுத்துப்போகிற தாள்

மெயிலுக்கு முன்னால் பேக்ஸ் இருந்தது. முட்டை வியாபாரமும் லாரி வாடகையும் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை பேசுகிற சரக்கு. 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது நெக், வந்த பிறகு நாமக்கல் மண்டலத்து முட்டை விலை என்று ஒன்று நாடெங்கும் போக வேண்டியிருந்தது. டிரங்க் கால், தந்தி, எஸ்.டி.டி., பேக்ஸ் என்று எது கிடைத்ததோ அதன் முதுகில் அது ஏறிப் போனது. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் இருந்த வியாபாரிகளுக்கும் எங்கள் ஆபீஸுக்கும் நடுவே பேக்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

பேக்ஸ் தாளில் ஒரு சங்கடம். அது மையில் அச்சாவதில்லை, சூட்டில் கறுப்பாவது. வெயில் பட்டால், ஏன், பரண் சூட்டில் கிடந்தாலே எழுத்து வெளுத்துவிடும். முக்கியமான பேக்ஸ் வந்தால் உடனே ஓடிப்போய் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். எடுக்கத் தவறியது தானாக அழியும். எது முக்கியம் என்று அன்றைக்கே, தாள் சூடு ஆறுவதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. முதலில் வந்த நான்கு ஊர்களில் சென்னையும் ஒன்று. சேலத்தைப் பிரித்து 1997 ஜனவரி 1-இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, அதைச் சுற்றிக் கடைகள் வந்தன, வெளியூரில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கடிதம் போடுவதற்குப் பதிலாக ‘மெயில் ஐடி இருக்கா?’ என்று கேட்கிற காலமும் வந்தது. நான் ஆறு கம்ப்யூட்டரும் பிளைவுட் தடுப்பும் போட்டு, மணிக்கு 40 ரூபாய் என்று போர்டு எழுதி வைத்தேன்.

இரண்டு மெகாபைட் வீடு

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது ஹாட்மெயில். சபீர் பாட்டியா என்கிற நம் நாட்டுக்காரரும் ஜாக் ஸ்மித்தும் சேர்ந்து 1996 ஜூலை 4-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அடுத்த ஆண்டின் கடைசியிலேயே மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிவிட்டது. காசு கொடுக்காமல் யாரும் ஒரு பெட்டி வைத்துக்கொள்ளலாம், எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் திறக்கலாம். சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாத எங்கள் ஊருக்கு அதுதான் பெரிய சங்கதி. ஆனால் பெட்டியின் கொள்ளளவு 2 மெகாபைட். ஒரு ஃப்ளாப்பி 1.44 மெகாபைட் கொள்ளும். ஒரு ஃப்ளாப்பியும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் போட்டால் அரைகுறையாக மூடும் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். யாகூ கொடுத்ததும் அதைவிட ஓரிரண்டு மெகாபைட்தான் கூடுதல்.

பெட்டி நிறைந்தால் புதுக் கடிதம் உள்ளே வராது. அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். திரும்பிய கடிதத்தின் தலைப்பில் ‘மெய்லர் டீமன்’ என்று ஒரு பெயர் இருக்கும். கோழித் தீவனம் விற்கிற ஒருவர் இரண்டு வாரமாக ராத்திரி ராத்திரி அந்தப் பெயருக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தார். “யாருங்க இந்த டீமன்? எத்தன மெயில் போட்டாலும் இங்கிலீசுல ஒரே பதிலவே திருப்பி அனுப்பறான், மரியாத தெரியாத ஆளா இருக்கான்” என்றார். கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மென்பொருள் அது, ஆள் இல்லை என்று விளக்குவதற்குள் அவருக்குப் பத்து ரூபாய் பில் ஆகிவிட்டது.

இப்படித்தான் கூட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. “தம்பி, பெட்டியச் சித்தெ கூட்டி உடு” என்பார்கள். ஒரு பெட்டிக்கு 5 ரூபாய் வாங்கினேன். பக்கத்துக்கு இருபது முப்பது கடிதமாகப் பட்டியல் வரும். கட்டத்தில் டிக் அடித்து அழிக்க வேண்டும். அழித்தது குப்பைக்கூடைக்குத்தான் போகும், அங்கேயும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும். கூடையையும் கவிழ்த்தால்தான் பெட்டி லேசாகும். நிறையப் பேர் கூடையைக் கவிழ்க்காமலே ‘அழிச்சும் எடம் வல்லீங்களே’ என்று வந்து நிற்பார்கள். ஹாட்மெயிலில் இன்னொரு விதியும் உண்டு. முப்பது நாள் திறக்காமல் விட்டால் பெட்டிக்குள் இருப்பது எல்லாம் போய்விடும். ஆடி மாசம் ஊர் நோம்பிக்குப் போனவர், அறுவடைக்குப் போனவர் என்று திரும்பி வந்து வெறும் பெட்டியைப் பார்த்து விழித்தவர்களை நான் அறிவேன்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறேழு வருடம் பிடித்தது.

அப்போது தமிழைத் தமிழில் அடித்து அனுப்புவது ஒரு பாடு. மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த முரசு அஞ்சல் போன்ற மென்பொருள் இருந்தது. 1999-இல் சென்னையில் தமிழ்இணைய மாநாடுகூட நடந்தது. ஆனால் இந்தப் பக்கத்தில் எந்த எழுத்துரு இருக்கிறதோ அதுவே அந்தப் பக்கத்திலும் இருந்தால்தான் படிக்க முடியும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். ஆகவே ஆங்கில எழுத்தில்தான் தமிழைத் தட்டுவேன். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். கம்ப்யூட்டர் கணக்கில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். நாமக்கல் என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் 8 பைட். இன்றைக்கு யூனிகோடில் தமிழிலேயே அடித்தால், புள்ளியும் காலும் தனித்தனியாக எண்ணப்பட்டு, ஒவ்வொன்றும் 3 பைட் வீதம் 24 பைட். அப்படி மூன்று மடங்கு என்றாலும் கடிதம் என்பது இலகுவான சரக்கு. நான் தட்டிய கடிதங்கள், உறைமேல் விலாசம் மாதிரிக் கூடவே வரும் தலைப்பு வரிகளையும் சேர்த்து, சராசரியாக 3 கிலோபைட் இருந்திருக்கும். 2 மெகாபைட் வீட்டில் அப்படி அறுநூற்றுக்கும் மேல் குடியிருக்கலாம்.

படம் அப்படி இல்லை. 2002 வாக்கில் டிஜிட்டல் கேமரா வெளிநாட்டில் இருந்தவர்கள் கைக்கு வந்தது. ஒரு படம் 600 கிலோபைட் என்றால் பெட்டிக்குள் அது 800 கிலோபைட்டாக வந்து உட்காரும். காரணம் சொன்னால் எங்கள் ஊருக்கு எளிதில் புரியும். மெயில் ஓடுகிற வழி எழுத்துக்காகப் போட்ட வழி. படத்தை அப்படியே அதில் அனுப்ப முடியாது. முட்டையை லாரியில் கொட்டி அனுப்ப முடியுமா? முப்பது முப்பதாக அட்டையில் அடுக்கித்தானே ஏற்றுகிறோம்? அதுபோலப் படத்தின் ஒவ்வொரு மூன்று பைட்டையும் நான்கு எழுத்தாக மாற்றி அடுக்கித்தான் அனுப்புவார்கள். அட்டைக்கும் எடை உண்டு, அதனால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இரண்டு படம் வந்தால் பெட்டி முக்கால் வாசி முடிந்தது. மூன்றாவது படம் வாசலோடு திரும்பும்.

ஒரு படமும் இருநூற்று அறுபது கடிதங்களும்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பெரியவர். அவருக்கு ஒரே மகன். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போர்வெல் போடுவது எல்லோருக்கும் தெரியும். மகன் ரிக் வேலையாக ஆப்பிரிக்காவுக்கே போய்விட்டான். வாரம் ஒரு மெயில் போடுவான். பெரியவர் ஏதாவது ஒரு சாக்கில் நாமக்கல் வந்து, என் சென்டரில் நான் படித்துக் காட்டக் கேட்டு, பதில் சொல்லி அனுப்பிவிட்டு, ஆஞ்சநேயரைக் கும்பிட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். இரண்டு வருடத்துக் கடிதங்கள் அந்தப் பெட்டியில் இருந்தன.

ஒரு நாள் மகன் போனில் சொன்னானாம், போட்டோ அனுப்புகிறேன், வரவே மாட்டேன் என்கிறது, திரும்பித் திரும்பி வருகிறது என்று. பெரியவர் வந்தார். “ஏனுங் தம்பி, பையன் போட்டா அனுப்பறானாமா. எடமில்லீன்னு வருதாமா. பழசையெல்லாம் அழிச்சு உடுங்க.”

நான் எல்லோருக்கும் செய்வதைத்தான் செய்தேன். அடியில் கிடக்கிற பழைய பக்கத்துக்குப் போய், அங்கிருந்து மேலே மேலே டிக் அடித்துக்கொண்டு வந்தேன். பழசு முதலில் போகட்டும், புதுசு இருக்கட்டும். பரணில் அப்பா செய்த வரிசையும் அதுதானே என்று நினைத்துக்கொண்டேன். அப்பா புரட்டிப் பார்த்ததை மறந்துவிட்டேன். மகனுடைய நூற்றுச் சொச்சம் கடிதங்களையும் யார் யாரோ அனுப்பிய வாழ்த்துகளையும் அழித்தும் இடம் போதவில்லை, இன்னும் அழித்தேன். கூடையைக் கவிழ்த்தேன். அடுத்த வாரம் படம் வந்தது. ரிக் பக்கத்தில் மகன் நிற்கிறான், பின்னால் தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிறது. பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்து கொடுத்தேன். பெரியவர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

2006-இல் வந்தார். முகம் சரியில்லை. மகன் வெளிநாடு போக ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தில் ஒரு பகுதியைப் பங்காளி ஒருவர் கொடுத்திருந்தார். மகன் அதைத் தவணையாகத் திருப்பியிருக்கிறான். எப்போது, யார் கையில், எவ்வளவு என்று அப்பாவுக்கு அந்தந்தச் சமயத்தில் மெயிலில் எழுதியும் இருக்கிறான். இப்போது பங்காளி பாதிப் பணம் வரவில்லை என்கிறார். ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசப் போகிறார்கள்.

“அந்தக் கடுதாசி இருக்குதுங்களா தம்பி?”

நான் பெட்டியைத் திறந்தேன். தெரிந்தே திறந்தேன், அவருக்காக. இல்லை. மகன் பக்கத்தில் நகல் இருக்குமா என்று போன் போட்டுக் கேட்டோம். அவன் பெட்டியும் அன்றைக்கு அதே அளவு. அனுப்பிய கடிதத்துக்கு நகல் வைத்தால் அதுவும் இடத்தைப் பிடிக்கும் என்று வைக்காமலே விட்டிருந்தான். பேச்சு பேச்சோடு முடிந்து, பாதிக்குப் பாதி என்று பெரியவர் இன்னொரு முறை கொடுத்தார். என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு படத்தின் இடம், இருநூற்று அறுபது கடிதத்தின் இடம். படத்தைப் பிரிண்ட் எடுத்ததும் அதை அழித்திருந்தாலே போதும். மகன் கேமராவிலும் அது இருந்தது, பெரியவர் வீட்டுச் சுவரிலும் இருந்தது. வேறெங்கும் இல்லாதது கடிதம்தான். நான் அழித்ததும் அதைத்தான்.

லாரி ஊரில் பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எடை மேடையில் ஏறுகிற வண்டியில் எத்தனை மூட்டை, எந்தத் தேதி மூட்டை என்று யாரும் கேட்பதில்லை. பாரம் எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள். நான் பெட்டியை வயசு பார்த்துக் கூட்டினேன், எடை பார்த்துக் கூட்டவில்லை.

ஏப்ரல் முட்டாள் கொடுத்த பரண்

2004 ஏப்ரல் 1-இல் கூகுள் ஜிமெயிலை அறிவித்தது. பால் புக்கைட் என்கிற பொறியாளர் ஆரம்பித்து வைத்த வேலை. பெட்டிக்கு 1 ஜிகாபைட், அதாவது ஹாட்மெயிலைப்போல 500 மடங்கு என்றார்கள். தேதியைப் பார்த்துப் பலர் அதை விளையாட்டு என்றே நினைத்தார்கள். யாரும் நேராகச் சேர முடியாது, உள்ளே இருப்பவர் அழைத்தால்தான் உண்டு. சென்னையில் வேலையில் இருந்த அக்கா மகன் எனக்கு ஒரு அழைப்பு அனுப்பினான். அந்த வருடம் நான் என் வாடிக்கைக்காரர்களுக்கு அழைப்பு வாங்கித் தருவது, பத்து வருடம் முன்னால் போன் கனெக்‌ஷனுக்குச் சிபாரிசு பிடித்துத் தந்த மாதிரி இருந்தது. 2007 பிப்ரவரியில்தான் எல்லோருக்கும் திறந்தார்கள்.

மற்றவர்கள் சும்மா இருக்க முடியுமா? 2004 ஜூனிலேயே யாகூ 4 மெகாபைட்டிலிருந்து 100-க்குத் தாவியது. ஹாட்மெயில் 250 தருவதாகச் சொன்னது. அடுத்த வருடம் அதே ஏப்ரல் 1-இல் ஜிமெயில் 2 ஜிகாபைட்டை நோக்கி ஏறத் தொடங்கியது. முகப்புப் பக்கத்தில் இட அளவு கண்ணெதிரே மீட்டர் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். பெட்ரோல் பங்க் மீட்டரைப் பார்ப்பதுபோலச் சிலர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 2007-இல் யாகூ அளவே கிடையாது என்றது.

இந்தத் தாராளத்துக்குக் காரணம் ஹார்டு டிஸ்க் மலிந்ததுதான். 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் என்கிற எந்திரத்தின் தட்டுப் பெட்டி, ஐம்பது தட்டுகளோடு 50 லட்சம் எழுத்தைக் கொண்டது. எடை ஏறத்தாழ ஒரு டன். ஃபோர்க்லிஃப்ட் வைத்துத்தான் ஏற்றி இறக்கினார்கள். இரண்டு ஹாட்மெயில் பெட்டிகளைக் கொஞ்சம் தாராளமாக வைக்கிற இடத்துக்கு ஒரு டன் இரும்பு. ஐம்பது வருடத்தில் அதே இடம் விரல் நகத்தில் அடங்கியது. இடம் மலிந்த பிறகு அதை இலவசமாகக் கொடுத்து, ஓரத்தில் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கலாம் என்றானது.

ஜிமெயிலில் நான் கவனித்த ஒன்று உண்டு. அழிக்கிற பொத்தான் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் இல்லை. ஒரு பட்டியலுக்குள் ஒளிந்திருந்தது. 2006-இல்தான் வெளியே எடுத்து வைத்தார்கள். எதற்கு அழிக்கிறாய், ஓரமாக ஒதுக்கி வை, வேண்டும்போது தேடிக்கொள் என்பது அவர்கள் கட்சி. என் வாடிக்கைக்காரர்கள் அதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தது. மோடம் சத்தம் போயிற்று. கூட்டுகிறவனுக்கு வேலையும் போயிற்று. இரண்டு வருடத்தில் என் கூட்டுக் கூலி வருமானம் சுத்தமாக நின்றது. பிளஸ் டூ ரிசல்ட் நாளில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் மட்டும் வாசல் வரை நின்றது.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 2011-இல் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கு விதிகள் போட்டது. யார் வந்தார், எந்த நேரம் உட்கார்ந்தார் என்கிற பதிவேட்டை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். நான் ஒழுங்காக எழுதி வைத்தேன். பெரியவரின் மகன் எழுதிய கடிதம் இல்லை, ஆனால் அதைப் படிக்கப் பெரியவர் வந்து போனது போன்ற வரவுகள் நீல மையில் கோடு போட்ட நோட்டில் இருந்தன. 2013 ஜூலையில் நாட்டில் தந்தி நின்றது. அந்த வருடமே என் சென்டரையும் மூடினேன். நோட்டுகளை எடைக்குப் போட்டேன். புரட்டிப் பார்த்துவிட்டுத்தான்.

மறுபடியும் நிறைகிறது

நான் மூடிய அதே 2013-இல், மே மாதம், கூகுள் மெயிலையும் டிரைவையும் போட்டோவையும் ஒரே 15 ஜிகாபைட்டுக்குள் சேர்த்தது. பழைய 2 மெகாபைட் பெட்டியைப்போல ஏழாயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல். கடிதமாக மட்டும் வைத்தால் 52 லட்சம் கடிதம். நாளுக்கு நூறு வந்தாலும் நிறைய 143 வருடம் ஆகும். ஆனால் கைபேசியில் எடுக்கிற படங்களுக்கு, தரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால், தனியாகக் கணக்கில்லாத இடம் என்று ஒரு சலுகை இருந்தது. 2021 ஜூன் 1-இல் அதுவும் முடிந்து, புதுப் படமெல்லாம் அந்த 15-க்குள் எண்ணப்பட்டது. அன்று தொடங்கி என் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

இப்போது இரண்டு மூன்று லாரி ஆபீஸ்களுக்குக் கணக்கு பார்க்கிறேன். குத்துக்கம்பி இன்னும் மேசைமேல் இருக்கிறது. ஆனால் தாள் எல்லாம் மெயிலில் வருகிறது. 2018 ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்குக்கு இ-வே பில் கட்டாயம் ஆனது. அதன் பி.டி.எப்., டிரைவர் சரக்கை இறக்கியதற்கு அத்தாட்சியாக எடுத்து அனுப்புகிற போட்டோ, ஸ்கேன் செய்த ஆர்.சி. புக், பாஸ்டாக் கணக்கு, பாங்கு ஸ்டேட்மெண்ட் என்று வந்துகொண்டே இருக்கும். டிரைவர் பாவம், கையெழுத்து தெரிய வேண்டுமே என்று ஒரே எல்.ஆரை நாலு படம் எடுப்பார். ஒவ்வொன்றும் 4 மெகாபைட். ஒரு ஆபீஸில் போன வருடம் வண்டி இன்சூரன்ஸ் பாலிசி வராமல் நின்றது. பெட்டி நிறைந்து, வந்த மெயில் திரும்பிப் போயிருந்தது. மூன்று நாள் வண்டி நின்றது. அதே பழைய மெய்லர் டீமன்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மெயிலையும் கூட்டுவது என்று இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன். வயசைப் பார்ப்பதில்லை. தேடுகிற கட்டத்தில், ஆங்கிலத்தில், ‘லார்ஜர்’ என்று அடித்து, இரட்டைப் புள்ளி வைத்து, 10எம் என்று போட்டால் 10 மெகாபைட்டுக்கு மேற்பட்டது மட்டும் வந்து நிற்கும். அதுதான் எங்கள் எடை மேடை. பிறகு 5, பிறகு 2 என்று இறங்குவேன். ஒரே பாலிசியின் மூன்று நகல், யாரோ கூட்டமாக அனுப்பிய கல்யாண வீடியோ, கம்பெனிகளின் விளம்பரப் படப் புத்தகம் எல்லாம் முதல் இரண்டு தட்டிலேயே போய்விடும். ஓரமாக ஒதுக்குவது இடத்தைக் குறைக்காது என்று ஒவ்வொரு வருடமும் யாருக்காவது சொல்ல வேண்டியிருக்கிறது. குப்பைக்கூடை முப்பது நாளில் தானே காலியாகும். அவசரமென்றால் நாமே கவிழ்க்க வேண்டும், 2001-இல் செய்த மாதிரியே.

அப்பாவின் மூன்று வகை அப்படியே இருக்கிறது: கேஸ், கிளைம், பாக்கி. நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் பதிவுகளை, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அவற்றைத் தனி ஹார்டு டிஸ்கில் இறக்கி, மேலே பேனாவில் வருடம் எழுதி, பரணில் வைக்கிறேன். பரண் என்று பழக்கத்தில் சொல்கிறேன், இப்போது அது இரும்பு பீரோ. இன்னொன்றும் எச்சரிப்பேன். இரண்டு வருடம் திறக்காத கணக்குகளை அழிக்கலாம் என்று 2023-இல் கூகுள் விதி கொண்டுவந்து, அந்த டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. அந்தக்கால முப்பது நாள் இப்போது இரண்டு வருடமாக நீண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று கிலோபைட், நாலு கிலோபைட் கடிதங்களை நான் தொடுவதே இல்லை. அவற்றை அழித்து எந்தப் பெட்டியும் லேசானதில்லை. ‘எல்லாத்தையும் தொடச்சு உட்றுங்க’ என்று முதலாளிகள் சொன்னாலும், ஒரு முறை புரட்டிவிட்டு என்று பதில் சொல்லிவிடுவேன்.

பெரியவர் இப்போது இல்லை. மகன் திரும்பி வந்து சொந்தமாக ரிக் வைத்திருக்கிறான். போன பூஜைக்கு அவனே கூப்பிட்டான். “அண்ணா, பெட்டி நெறஞ்சு போச்சுங்க, வந்து கூட்டி உடுங்க.” போனேன். எடை போட்டதில் முழுக்க ரிக் வீடியோக்கள். ஒவ்வொரு காட்டிலும் தண்ணீர் வந்த நிமிஷத்தை எடுத்து அதன் சொந்தக்காரருக்கு அனுப்பியிருக்கிறான். அரை மணி நேரத்தில் 6 ஜிகாபைட் காலியானது. கூடத்துச் சுவரில் அந்த லேமினேஷன் படம் ஓரம் பிரிந்து தொங்கியது.

பிறகு வழக்கம்போலப் புரட்டினேன். 2009-இல் வந்த ஒரு கடிதம். ஆங்கில எழுத்தில் தமிழ். அனுப்பியவர் அவன் அப்பா. தட்டியவன் நான். கடலைக்காய் பறித்தாகிவிட்டது, மழை இல்லை, நம்ம போரில் தண்ணி கீழே இறங்கிவிட்டது, நீ வந்து பார்த்து இன்னும் ஆழம் போடலாமா சொல்லு, மெயில் பெட்டியில் இப்போது நிறைய இடம் இருக்குதாம், போட்டா வேண்டாம், கடுதாசியே போடு.